போலகத்து அந்தோணிமுத்துக்காக வெட்டிய கொடி

குரும்பகரத்து மாரிக்கண்ணு பச்சிலை பறிக்கக் கிளம்பினால் கூடையில் மூன்று சாமான்கள் கட்டாயம் இருக்கும். ஒரு கத்தி, மஞ்சள் தோய்த்த நூல்கண்டு, ஒரு சுருட்டு. சுருட்டு அவருக்கு. நூல் செடிக்கு. வெட்டுவதற்கு முன்னால் தண்டில் நூலைச் சுற்றிக் காப்புக் கட்டி, “இன்ன ஊரு, இன்னாரு, இன்ன நோவு. அந்த உசுருக்காக ஒன்ன எடுக்கிறேன், கோவிச்சுக்காத” என்று வாய்விட்டுச் சொல்லுவார். சொல்லாமல் வெட்டினால் மூலிகையின் சாபம் தீராது, மருந்து வெறும் தழையாகப் போய்விடும் என்பது அவர் கட்சி. கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டுமே, அவருக்கென்ன!

இதனால் காரைக்கால் நாட்டு மருந்துக் கடைக்காரர்களுக்குத்தான் தலைவலி. “ரெண்டு கட்டு ஆடாதொடை வேணும்” என்று சொல்லியனுப்பினால், “யாருக்கு?” என்று மாரிக்கண்ணு நேரே வந்து நிற்பார். கடைக்காரனுக்கு எப்படித் தெரியும், எவன் வாங்குவான் என்று? “ஊருக்கெல்லாம்னு சொல்லிட்டு வெட்டுய்யா” என்பார்கள். “ஊருக்கெல்லாம் ஒரே நாள்ல சீக்கு வருமா? அப்படி வந்தா மருந்து எதுக்கு, மண்வெட்டிதான் வேணும்” என்று சொல்லிவிட்டுப் போவார். அவருக்கு அந்த வாய். ஒரே ஒரு விலக்கு உண்டு. கிளிஞ்சல்மேட்டு மணலில் நித்தியகல்யாணி பறித்து மூட்டை கட்டும் வேலை. அது கப்பலேறி எங்கேயோ போகிற சரக்கு. அதற்கு மட்டும், “எந்தச் சீமையோ, எவனோ, நல்லாயிருக்கட்டும்” என்று பொதுவாகச் சொல்லி வைப்பார்.

இந்த மனிதருக்கு வாய்த்த சிநேகிதர் சித்த வைத்தியர் சோமசேகரன். எழுபத்து நாலாம் வருஷம் காரைக்காலில் வைத்தியசாலை திறந்தபோது சோமசேகரனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. முதல் தடவை சீந்தில் கொடி கேட்டார். மாரிக்கண்ணு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“யாருக்குன்னு அப்பறம் கேக்குறேன் தம்பி. எதுல ஏறின சீந்தில் வேணும் ஒங்களுக்கு?”

“வேம்புல ஏறினது அண்ணே. வேற மரத்துல ஏறினது நமக்கு ஆகாது.”

அவ்வளவுதான், மனிதர் விழுந்துவிட்டார். சீந்தில் எந்த மரத்தைப் பிடித்து ஏறுகிறதோ அந்த மரத்தின் குணத்தை வாங்கிக்கொள்ளும். வேம்பில் ஏறியதுதான் சத்துள்ளது. இதைக் கேட்கிற வைத்தியர் ஒருவர் ஊருக்குள் வந்துவிட்டார் என்று மனைவி காசியம்மாவிடம் அன்று முழுக்கப் பேசித் தீர்த்தார். சோமசேகரனோ ஒரு படி மேலே போய், அவர் பெயர் கேட்கும் வழக்கத்துக்கும் மரியாதை கொடுத்தார். கொடி கேட்கும்போதே நோயாளியின் பெயரையும் ஊரையும் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். மாரிக்கண்ணுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் சீட்டை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்.

மாரிக்கண்ணுக்கும் காசியம்மாவுக்கும் பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிய வருஷம் கல்யாணம். பிள்ளைகள் இல்லை. ‘நீயும் நானும், நடுவுல இந்தச் சுருட்டும்’ என்பார் அவர். காசியம்மா புருஷன் பெயரை வாயால் சொன்னதே கிடையாது. ரேஷன் கார்டுக்குப் பெயர் கேட்டு வந்தவரிடம் மாரியம்மன் கோயிலைக் காட்டினாள், பிறகு தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள். வந்தவர் ஊர்க்காரர், புரிந்துகொண்டு எழுதிக்கொண்டார்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையில் மாரிக்கண்ணுக்கு இருமல் பிடித்தது. கார்த்திகையில் இருமலோடு ரத்தம் வந்தது. காரைக்காலில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். படத்தைப் பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, புதுச்சேரிக்குப் போகச் சொன்னார்கள். சோமசேகரன்தான் கூட்டிப் போனார். பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டுப் பதியும் இடத்தில் புருஷன் பெயர் கேட்டபோது காசியம்மா திகைத்துப் போனாள். கைகாட்ட அங்கே மாரியம்மன் கோயில் இல்லை. சோமசேகரன் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

நாலாம் நாள் டாக்டர் இவர்கள் இருவரையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். மாரிக்கண்ணு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்து ஆளிடம் தூதுவளைக்கும் இருமலுக்கும் உள்ள சம்பந்தத்தை விளக்கிக்கொண்டிருந்தார். உள்ளே டாக்டர் சொன்னது இதுதான். நுரையீரலில் புற்று. அறுக்கும் கட்டம் தாண்டிவிட்டது. ஊசி மருந்து போட்டுப் பார்க்கலாம், ஆனால் அந்த ஊசி ரத்தத்தில் வெள்ளை அணுக்களை இறக்கிவிடும். இவருக்கு ஏற்கெனவே குறைவு. உடம்பைத் தேற்றி, அணுக்கள் ஏறினால் கூட்டி வாருங்கள்.

வெளியே வருமுன் காசியம்மா சோமசேகரனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, ஒங்க கால்ல வேணும்னாலும் விழுறேன். அவருகிட்ட சொல்லிப்புடாதீங்க. எங்கண்ணன் கல்லு மாதிரி இருந்தான். தொண்டையில புத்துன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க. அன்னையிலேருந்து சோறு எறங்கல. பதினஞ்சு நாள்ல தூக்கிப் போட்டோம். நோவு கொல்லல தம்பி, அந்தப் பேருதான் கொன்னுது.”

சோமசேகரன் யோசித்தார். யோசிக்கத்தான் செய்தார், அதை மறுக்க முடியாது. ஆனால் தலையை ஆட்டிவிட்டார்.

“நெஞ்சுல சளி கட்டியிருக்காம் அண்ணே” என்றார் வெளியே வந்து.

“அட, இதுக்கா பாண்டிச்சேரி வரைக்கும் இழுத்துட்டு வந்தீங்க!” என்று மாரிக்கண்ணு சிரித்தார். பஸ் ஸ்டாண்டில் மூன்று பேருக்கும் அவர்தான் டிபன் வாங்கிக் கொடுத்தார்.

ஊருக்கு வந்ததும் சோமசேகரன் ஒரு முடிவெடுத்தார். சீந்தில் கொடியிலிருந்து மாவுச்சத்து எடுத்து, இன்னும் இரண்டொரு மருந்து சேர்த்து, கேப்சூலில் அடைத்துக் கொடுப்பது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைச் சீந்தில் தூண்டும் என்று பழைய சுவடியும் சொல்கிறது, புதிதாக ஆராய்கிறவர்களும் அப்படி இருக்கலாம் என்கிறார்கள். வாரம் ஒருமுறை ரத்தம் எடுத்து அணுக்களை எண்ணி நோட்டில் எழுதுவது. அவை ஏறி நின்றால் ஊசிக்குக் கூட்டிப் போவது. எல்லாம் சரி. நல்ல முற்றின வேப்பஞ்சீந்தில் கொண்டுவர அந்த வட்டாரத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அந்த ஆள் கேட்பாரே, யாருக்கு என்று?

கேட்டார். காப்புக் கட்டுகிறவர் கேட்காமல் இருப்பாரா?

“போலகத்துல ஒருத்தர் அண்ணே” என்றார் சோமசேகரன். மேஜைமேல் எதையோ தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார். “அந்தோணிமுத்துன்னு பேரு. நுரையீரல்ல புத்து.”

“அடப் பாவமே. வயசு?”

“ஒங்க வயசுதான்.”

“அந்தப் புத்துக்குச் சீந்தில் கேக்குமா தம்பி?”

சோமசேகரன் நிமிர்ந்தார். இந்த இடத்தில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை. “தெரியாது அண்ணே. ஒடம்புல வெள்ளை அணுன்னு காவக்காரங்க இருக்காங்க. வெளியாளு உள்ள நொழஞ்சா அடிச்சித் தொரத்துவாங்க. ஆனா புத்து வெளியாளு இல்ல. நம்ம ஒடம்புலயே பொறந்து, சொந்தக்காரன் மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்கும். காவக்காரன், சரி நம்மாளுதானேன்னு விட்டுடுவான். சீந்தில் அந்தக் காவக்காரன உசுப்பிவிடுமான்னு பாக்குறோம். ஊசி போட்டா காவக்காரங்க சாவாங்க. அதுக்கு முன்னாடி ஆள் சேத்து வைக்கணும். அந்த ஊசியே ஒங்க கிளிஞ்சல்மேட்டு நித்தியகல்யாணியிலேருந்து எடுத்ததுதான், தெரியுமா?”

“அப்ப கூட இருந்தே குழி பறிக்கிற பயன்னு சொல்லுங்க இந்தப் புத்த” என்றார் மாரிக்கண்ணு. “விடுங்க தம்பி. அந்தோணிமுத்துக்கு நானாச்சு.”

மறுநாளே வாய்க்கால்கரை வேம்பில் ஏறினார். சீந்திலை அடியில் வெட்டினால் கொடி பட்டுப்போகும், மேலே ஏறித்தான் வெட்ட வேண்டும், வெட்டினது தரையில் விழக்கூடாது, தோளில்தான் வாங்க வேண்டும் என்பது முறை. பெருவிரல் தடிமனான கொடியில் நூலைச் சுற்றி, “போலகம், அந்தோணிமுத்து, நெஞ்சுப் புத்து” என்று வேப்பங்கிளையில் உட்கார்ந்தபடி சத்தமாகச் சொன்னார். அந்தக் கொடியிலிருந்து வந்த மருந்தைத்தான் மறுநாளிலிருந்து ‘சளி மாத்திரை’ என்று அவரே விழுங்கினார். கொடியை வாயில் போட்டிருந்தால் கசப்பிலேயே கண்டுபிடித்திருப்பார். கேப்சூலுக்குள் இருப்பது யாருக்குத் தெரியும்?

மார்கழி, தை இரண்டு மாதமும் நன்றாகவே போயின. வெள்ளிக்கிழமை அவருக்குச் ‘சளிக்காக’ ரத்தம் எடுப்பார்கள். திங்கட்கிழமை சோமசேகரன், “அந்தோணிமுத்துக்கு அணு ஏறியிருக்கு அண்ணே” என்பார். மாரிக்கண்ணுக்கு அந்தச் சேதி கேட்டால் நடையே மாறிவிடும். வீட்டுக்கு வந்து காசியம்மாவிடம் சொல்லுவார். “நம்ம அந்தோணிமுத்து பொழச்சிக்குவான் போலருக்கு காசி. என் கை ராசி அப்படி.” சோற்றில் கை வைக்கும்போது, “அவனுக்குச் சோறு எறங்குதோ என்னமோ” என்பார். காசியம்மா குழம்பு எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள். எத்தனை தடவை அந்தக் குழம்பு ஆறிப் போயிற்று!

சொல்லியிருக்கலாம். அந்த இரண்டு மாதத்தில் எந்த நாள் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். இப்படி நல்லபடி போகிறதைக் கெடுப்பானேன் என்று ஆளுக்கு ஒரு நாளாய்த் தள்ளிப் போட்டார்கள்.

மாசி மாதம் ஒரு காலையில் மாரிக்கண்ணு வேம்பின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். முதல் கவட்டை வரை ஏறினார். நெஞ்சுக்குள் யாரோ கயிற்றைப் போட்டு இறுக்குகிற மாதிரி இருந்தது. மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றுவிட்டு இறங்கிவிட்டார். இருமினார். துண்டில் சிவப்பாக இருந்தது. துண்டை வாய்க்காலில் அலசிப் பிழிந்தார்.

ஐம்பத்தைந்து வயதில் மரம் ஏற முடியவில்லை என்று யாரிடம் சொல்வது? சொன்னால் சோமசேகரன் வேறு ஆளைப் பார்ப்பார். காசியம்மா அழுவாள். சளிக்கட்டி கரைந்தால் சரியாகிவிடும், அதுவரைக்கும் சமாளித்தால் போதும். வயல் வேலியில் ஒதிய மரம் ஒன்று நின்றது. அதில் இடுப்பு உயரத்திலேயே சீந்தில் சுற்றிக் கிடந்தது. ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது என்று ஊரெல்லாம் சொல்லுகிற அதே ஒதியன்தான். அதில் ஏறின கொடியில் என்ன சத்து இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். நூலைச் சுற்றினார். “போலகம், அந்தோணிமுத்து” என்று அவசரமாக முணுமுணுத்தார். நோயின் பெயரைச் சொல்லவில்லை. வெட்டிக் கூடையில் போட்டுக்கொண்டார்.

“வேம்புதானே அண்ணே?” என்றார் சோமசேகரன், வழக்கம்போல.

“பின்ன என்ன தம்பி, நேத்தா பழகுறோம்?” என்றார் மாரிக்கண்ணு.

நறுக்கின கொடியைப் பார்த்து அது எந்த மரத்தில் ஏறியது என்று எந்த வைத்தியரும் சொல்ல முடியாது. வெட்டினவன் வாய்தான் சாட்சி. மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் அந்தச் சாட்சி பொய் சொன்னது. ஒவ்வொரு வாரமும், அடுத்த வாரம் ஏறிவிடலாம் என்றுதான் நினைத்தார். அடுத்த வாரம் மூச்சு இன்னும் மோசமாக இருந்தது.

சித்திரைக் கடைசியில் சோமசேகரன் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “அந்தோணிமுத்துக்கு அணு எறங்கிட்டே வருது அண்ணே. ஏறி நின்னா இந்த மாசம் ஊசி போட்டிருக்கலாம். இப்ப அதுவும் முடியாது போலருக்கு.”

மாரிக்கண்ணு வீட்டுக்கு வந்தார். அன்று சுருட்டு இல்லை. அதைத்தான் சளிக்கு ஆகாதென்று காசியம்மா எப்போதோ பிடுங்கிவிட்டாளே. வெறும் வாயோடு மூலையில் உட்கார்ந்திருந்தார். முன்பின் பார்க்காத ஒருவன், தன்னை நம்பிப் படுத்துக் கிடக்கிறவன். அவனுக்கு ஒதியன் கொடியைக் கொடுத்து ஏமாற்றியாயிற்று. அவன் செத்தால் பாவம் யாருக்கு? மூன்று நாள் தூங்கவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் விடியலில் கத்தியையும் நூலையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அன்று வேம்பில் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. ஒரு கவட்டைக்கு ஒரு நாழிகை. மேலே போனதும் கண் இருட்டியது. தோளில் வாங்கின கொடியின் பாரம் தாங்காமல் கிளையில் சாய்ந்து ரத்தமாகத் துப்பினார். ஆனாலும் கொடியைத் தரையில் விடவில்லை. வைத்தியசாலைக்குப் போகவும் இல்லை. நேரே போலகம் போய், அந்தோணிமுத்துவின் காலைப் பிடித்து, ‘மூணு மாசம் ஒன்ன ஏமாத்திப்புட்டேன், இந்தா நல்ல கொடி, இன்னையிலேருந்து சரியா வரும்’ என்று சொல்லிவிடுவது. அதுதான் அவர் கணக்கு. சாக்கில் சுற்றிய கொடியோடு பஸ் ஏறினார்.

போலகத்தில் அந்தோணிமுத்து எங்கே என்று கேட்டதும் டீக்கடைக்காரர் கையை நீட்டினார். ஒரு புதுவீட்டுச் சாரத்தின் மேல், கரணையும் கையுமாகச் சுவர் பூசிக்கொண்டிருந்தார் ஒரு கொத்தனார். நாற்பது வயது இருக்கும், ஆள் வாட்டசாட்டம். ஏதோ பாட்டுவேறு பாடிக்கொண்டிருந்தார்.

“தம்பி, அந்தோணிமுத்துங்கிறது...”

“நான்தான். என்னா சேதி?”

“இல்லப்பா. ஒடம்பு சொகமில்லாம இருக்காரே, அவரு.”

“எந்த ஒடம்பு?”

“நெஞ்சுல புத்து. காரைக்கால்ல சோமசேகரன் வைத்தியர் பாக்குறாருல்ல.”

கொத்தனார் கரணையை வைத்துவிட்டுக் கீழே குதித்தார். “வாயில வசம்ப வச்சித் தேய்க்க! எனக்கா? புத்தா? யாருய்யா ஒன்ன அனுப்புனது?”

“கோவிச்சுக்காதப்பா. வேற அந்தோணிமுத்து இருப்பாரு.”

“இந்த ஊருல மூணு அந்தோணிமுத்து. ஒருத்தரு செத்துப் பத்து வருசம் ஆவுது. இன்னொருத்தன் எங்க சின்னம்மா பேரன், தவழுறான். மூணாவது நான். போதுமா?” சொல்லிக்கொண்டே மனிதரின் முகத்தைப் பார்த்தவர் குரலை இறக்கினார். “ஒக்காருங்க பெரியவரே. ஒங்களுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?”

“சளி.”

“எத்தன நாளா?”

“ஐப்பசியிலேருந்து.”

கொத்தனார் அவர் தோளிலிருந்த துண்டைப் பார்த்தார். காலையில் துப்பின ரத்தம் காய்ந்து கருத்திருந்தது. “ஏழு மாசமாவா? ரத்தத்தோடவா? நல்ல டாக்டரா பாருங்க பெரியவரே” என்றவர், ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மாரிக்கண்ணு தண்ணீரைக் குடிக்கவில்லை. ஏழு மாதம். வெள்ளிக்கிழமை என் ரத்தம். திங்கட்கிழமை அந்தோணிமுத்துவின் அணு. நான் கொடி கொடுத்த மறுநாள் எனக்குப் புது மாத்திரை. நான் ஒதியனை வெட்டின மாதத்திலிருந்துதான் எனக்கு மூச்சு இல்லை. ஒங்க வயசுதான் என்றாரே சோமசேகரன்! செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சாக்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

காரைக்கால் வைத்தியசாலையில் கூட்டம் கலைகிற நேரம். மாரிக்கண்ணு சாக்குக் கட்டை மேஜைமேல், நோட்டின் மேலேயே வைத்தார்.

“போலகத்துக்குப் போயிட்டு வர்றேன். அந்தோணிமுத்து சாரத்துல நின்னு பாடுறான்.”

சோமசேகரன் எழுந்து நின்றார்.

“அந்த நோட்டுல யாரு பேரு போட்டிருக்கு? படி.”

பத்து வருஷத்தில் மாரிக்கண்ணு அவரை ‘நீ’ என்று சொன்னதில்லை. சோமசேகரன் படித்தார். “அந்தோணிமுத்து, போலகம்.”

“ரத்தம்?”

“ஒங்களோடதுதான் அண்ணே.”

“என் ரத்தத்த எடுத்து இன்னொருத்தன் பேருல எழுதிவச்சிருக்க. எதுக்கு, ஒன் ஆராய்ச்சிக்கா?”

“சத்தியமா இல்ல. ஒங்க பேரப் போட்டா யாராவது ஒங்களுக்குப் படிச்சிச் சொல்லிடுவாங்கன்னுதான். அக்கா அழுதாங்க. பேரக் கேட்டாலே ஒங்களுக்கு மனசு விட்டுப்போயிடும்னு...”

“சொந்தக்காரன் மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்கும்னு சொன்னியே, புத்தப் பத்தி. அது நீங்க ரெண்டு பேரும்தாண்டா. எனக்குத்தான் அடையாளம் தெரியல.” இருமல் வந்து பேச்சை அறுத்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு அடங்குகிற வரை நின்றார். பிறகு தணிந்த குரலில், “நான் மூணு மாசமா வேம்புல ஏறல. ஏற முடியல. வேலி ஒதியன்லதான் வெட்டினேன். யாரோ போலகத்தான்தானேன்னு வெட்டினேன்” என்றார்.

சோமசேகரன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “வேம்புச் சீந்தில்னாலதான் அணு ஏறிச்சின்னு என்னால சொல்ல முடியாது அண்ணே. அது இல்லாததால எறங்கிச்சின்னும் சொல்ல முடியாது. நோவே முத்தியிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது.”

“ஆமா. இனிமே யாராலயும் சொல்ல முடியாது” என்றார் மாரிக்கண்ணு. அந்தக் கட்டை அங்கேயே விட்டுவிட்டு வெளியேறினார்.

அதற்குப் பிறகு அவர் இருந்தது இருபத்து மூன்று நாள். சோமசேகரன் வாசலுக்கு வந்தபோதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். காசியம்மாவோடு பேசவில்லை. காசியம்மா காலடியில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி அழுதாள். “நீங்க இல்லாட்டி எனக்கு யாரு இருக்கா? எங்கண்ணன் மாதிரி போயிடுவீங்களேன்னு பயந்துதானே மறைச்சேன்? தப்புதான். என்னைய நாலு அடி அடிங்க. இப்படிப் பேசாம கொல்லாதீங்க.” அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பாவம் காசியம்மா என்று ஊர் சொன்னது. அவளும் பாவம்தான். ஆனால் முப்பது வருஷம் ஒரே பாயில் படுத்தவள், தன் உயிர்ச் சேதியைத் தனக்குச் சொல்லாமல் அடுப்படியில் அழுதிருக்கிறாள் என்றால், அந்த மனிதர் எங்கே போய் முட்டிக்கொள்வார்?

பத்தாம் நாள் காலையில் அவரே எழுந்தார். மாடத்திலிருந்து நூல்கண்டை எடுத்தார்.

“வா” என்றார். பத்து நாளில் பேசின முதல் வார்த்தை.

வாய்க்கால்கரைக்கு அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டுதான் போனார். நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து போனார்கள். வேம்படிக்கு வந்ததும், தொங்கிக்கிடந்த சீந்திலின் அடித்தண்டில் மஞ்சள் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார். முடிச்சு நிற்காமல் இரண்டு தடவை அவிழ்த்துப் போட்டார்.

“சொல்லு.”

“என்னத்தங்க?”

“இது யாருக்குன்னு கொடிகிட்ட சொல்லு.”

“நீங்கதானே எப்பவும் சொல்லுவீங்க.”

“நான் அஞ்சு மாசம் சொன்னேன். தப்பாச் சொன்னேன். தெரிஞ்சவ நீதானே, நீ சொல்லு. ஊரு, பேரு, நோவு, மூணும் சொல்லணும்.”

காசியம்மா சுற்றும் முற்றும் பார்த்தாள். கோயில் கோபுரம் தூரத்தில் தெரிந்தது. கை தானாக அந்தப் பக்கம் எழுந்தது.

“கையக் கீழ போடு. வாயால சொல்லு.”

“குரும்பகரம்...” என்றாள். அப்புறம் உதடு மட்டும் அசைந்தது. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. “மாரிக்கண்ணு...” என்றாள், காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில். “நெஞ்சுல... புத்து.”

“சத்தமா.”

“குரும்பகரம் மாரிக்கண்ணு! நெஞ்சுல புத்து!” என்று அவள் கத்திவிட்டாள். அக்கரை வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். காசியம்மா அப்படியே மரத்தடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

மாரிக்கண்ணு வேம்பைத் தடவியபடி நின்றார். அண்ணாந்து முதல் கவட்டையைப் பார்த்தார்.

“இந்த மூணு வார்த்தைய அன்னைக்கே சொல்லியிருந்தீன்னா, நான் இந்த மரத்த விட்டு எறங்கியிருக்கவே மாட்டேனேடி.”

அன்று அந்தக் கொடியை வெட்டவில்லை. ஏறுவதற்கு ஆள் இல்லை.